திங்கட்கிழமைத் தலைவலி

டார்பிடோ என்றதும் கப்பல் இரண்டாகப் பிளந்து மூழ்கும் காட்சிதான் நினைவுக்கு வரும். ஆனால் கடற்படைகள் வாங்கி அடுக்கி வைத்திருக்கும் டார்பிடோக்களில் பெரும்பாலானவை தம் ஆயுளில் ஒரு கப்பலையும் தொடுவதில்லை. வெடிமருந்து இருக்க வேண்டிய முன்பகுதியில் பதிவுக் கருவிகளை வைத்து, பயிற்சிக்காகக் கடலுக்குள் ஏவுவார்கள். ஓட்டம் முடிந்ததும் அது மேலே வந்து மிதக்கும். படகிலோ ஹெலிகாப்டரிலோ போய் எடுத்து வருவார்கள். பட்டறையில் பிரித்து, மிச்ச எரிபொருளை வடித்து, கழுவித் துடைத்து, மறுபடி நிரப்பி அடுத்த பயிற்சிக்கு அனுப்புவார்கள். ஒரே டார்பிடோ இப்படிப் பலமுறை கடலுக்குப் போய்த் திரும்பும்.

அந்தப் பட்டறையில் வேலை செய்பவரைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம். எதிரிக் கப்பலை அந்த ஆயுதம் ஒருநாளும் தொடாமல் போகலாம். இவரை அது வேலைநாள்தோறும் தொடுகிறது. கையுறையில், ஸ்பானரின் பிடியில், துடைத்துப் போட்ட துணியில், சட்டைக் கை மடிப்பில் என்று செம்மஞ்சள் நிறமான ஒரு பிசுக்கு எங்கும் ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய் போன்றது, தனி வாடை உள்ளது. பெயர் ஓட்டோ எரிபொருள்-2. அமெரிக்கக் கடற்படைக்காக 1960களில் ஓட்டோ ரைட்லிங்கர் என்பவர் உருவாக்கியது. (பெட்ரோல் என்ஜின் பாடத்தில் வரும் ஓட்டோ வேறு ஆள், அவர் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர்.) மார்க்-46, மார்க்-48 ஆகிய டார்பிடோக்கள் இதில்தான் ஓடுகின்றன. மார்க்-46இன் என்ஜினையே சுமந்து வந்த மார்க்-54உம் அப்படியே. அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி தளத்திலிருந்து பறக்கும் பி-8ஐ விமானங்களுக்கென்று இந்தியா வாங்கியது இந்த மார்க்-54தான். நாமே வடிவமைத்த வருணாஸ்திரா பேட்டரியில் ஓடுவதால், அதைப் பராமரிப்பவருக்கு இந்தக் கட்டுரையின் கவலை கிடையாது.

ஓட்டோ எரிபொருளில் இருப்பவை மூன்றே பொருட்கள். முக்கால் பங்கு புரோப்பிலீன் கிளைக்கால் டைநைட்ரேட். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். புரோப்பிலீன் கிளைக்கால் என்பது மருந்துகளிலும் அழகுசாதனப் பொருட்களிலும் கரைப்பானாகச் சேர்க்கப்படும் சாதுவான திரவம். அதை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்தால் இந்த டைநைட்ரேட் கிடைக்கும். சாதுத்தனம் அத்தோடு போய்விடும். ஏறக்குறைய கால் பங்கு, வெடிக்கும் குணத்தை அடக்கி வைப்பதற்காகச் சேர்க்கும் டைபியூட்டைல் செபாகேட். அதன் மூலப்பொருளான செபாசிக் அமிலத்தை ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள். மீதி ஒன்றரை சதவீதம், கிடங்கில் கெட்டுப்போகாமல் காக்கும் நிலைப்படுத்தி.

இதை எரிக்கக் காற்றே தேவையில்லை. எரிவதற்கான ஆக்சிஜன் அந்த நைட்ரேட்டுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. நீருக்கடியில் ஓட வேண்டிய என்ஜினுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? தனியாக ஆக்சிஜன் தொட்டி வேண்டாம், குழாய் வேண்டாம். போதாக்குறைக்கு இது எளிதில் தீப்பிடிக்காது, இடித்தாலும் வெடிக்காது, அவ்வளவாக ஆவியாகவும் செய்யாது.

கடற்படைக்காரர்கள் இதைக் கொண்டாடியதற்கு நியாயம் உண்டு. முந்தைய எரிபொருட்களின் கதை அப்படி. 1955 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் போர்ட்லண்ட் துறைமுகத்தில் நின்றிருந்த எச்எம்எஸ் சைடன் என்ற நீர்மூழ்கிக் கப்பலில், அடர் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓடும் பரிசோதனை டார்பிடோ ஒன்று ஏவுகுழாய்க்குள்ளேயே வெடித்தது. மாலுமிகள் 12 பேர் இறந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற உள்ளே இறங்கிய இளம் மருத்துவரும் மூச்சுத் திணறி இறந்தார். பிரிட்டன் அதோடு பெராக்சைடைக் கைவிட்டது. ரஷ்யா விடவில்லை. 2000 ஆகஸ்ட் 12 அன்று பேரன்ட்ஸ் கடலில் அதன் கூர்ஸ்க் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 118 பேர் மாண்டதற்குத் தொடக்கப்புள்ளி, அதே வகை டார்பிடோவிலிருந்து கசிந்த பெராக்சைடு.

அதற்கும் முந்தைய தலைமுறை டார்பிடோக்கள் சாராயத்தில் ஓடின. இரண்டாம் உலகப்போரில் பசிபிக் கடலில் இருந்த அமெரிக்க மாலுமிகள் அந்த எரிபொருளை அன்னாசிப் பழச்சாற்றில் கலந்து குடித்தார்கள். அதற்கு ‘டார்பிடோ ஜூஸ்’ என்று பெயரும் வைத்தார்கள். குடிப்பதைத் தடுக்க முதலில் மெத்தில் ஆல்கஹாலையும், பிறகு நேர்வாள எண்ணெயையும் கலந்து பார்த்தது கடற்படை. நேர்வாளத்தின் பேதி வேகம் சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்குத் தெரியும். மாலுமிகள் அதையும் வடிகட்டும் வழி கண்டுபிடித்தார்கள். மெத்தில் ஆல்கஹால் என்ன செய்யும் என்பதை நம் ஊர்க் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில் ஓட்டோ எரிபொருள் கப்பலுக்குப் பெரிய பாதுகாப்பு. ஆபத்து ஒழிந்துவிட்டதா என்றால், கப்பலை விட்டு இறங்கி மனிதரின் ரத்தக் குழாய்க்குள் புகுந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். இடம் மாறியதும் சத்தமும் போய்விட்டது.

என்ன நடக்கிறது என்று புரிய, இதன் உறவுக்கார வேதிப்பொருள் ஒன்றைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி உள்ள பெரியவர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை தெரியுமல்லவா? சார்பிட்ரேட் என்ற பெயரில் விற்கும் அந்த மாத்திரையில் இருப்பது ஐசோசார்பைடு டைநைட்ரேட். டைனமைட்டில் இருப்பது நைட்ரோகிளிசரின். டார்பிடோவில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால் டைநைட்ரேட். மூன்றும் ஒரே குடும்பம்: கரிம நைட்ரேட்டுகள். உடலுக்குள் போனதும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவின் வேலையைத் தொடங்கிவிடுவது இந்தக் குடும்பத்தின் குணம். ரத்தக் குழாயின் சுவரைச் சுற்றி இருக்கும் மெல்லிய தசையை நைட்ரிக் ஆக்சைடு தளர்த்துகிறது. குழாய் விரிகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. இதைக் கண்டறிந்து விளக்கிய ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

இதயத்துக்கு ரத்தம் போதாதவருக்கு இந்தத் தளர்வு உயிர்காக்கும். ஆரோக்கியமாக இருப்பவருக்கோ மூளையைச் சுற்றியுள்ள குழாய்களும் சேர்ந்து விரிந்து, நாடித் துடிப்பின் தாளத்துக்கு விண்விண்ணென்று தெறிக்கும் மண்டையிடியைத் தரும். மூக்குக்குள் இருக்கும் குழாய்கள் விரிவதால் மூக்கடைப்பு. சட்டென்று எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. டார்பிடோ பட்டறைகளில் மிக அதிகமாகக் கேட்கும் புகார்கள் இவைதான்.

இந்தத் தலைவலிக்கு வயது அதிகம். 1847இல் இத்தாலியின் டுரின் நகரில் நைட்ரோகிளிசரினை முதலில் தயாரித்த அஸ்கானியோ சொப்ரேரோ, அதில் துளியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடுமையான தலைவலி வருவதாக எச்சரித்து எழுதினார். லண்டன் மருத்துவர் வில்லியம் மரல், ஒரு சதவீதக் கரைசல் இருந்த புட்டியின் தக்கையை நாக்கில் தொட்டுவிட்டு, மறந்தாற்போல நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நிமிடங்களில் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில், ஒவ்வொரு துடிப்புக்கும் கையிலிருந்த பேனா வெட்டி வெட்டி இழுத்ததாம். 1879இல் ‘லான்செட்’ இதழில், நெஞ்சுவலிக்கு இது நல்ல மருந்து என்று அவர் எழுதினார். டைனமைட்டால் செல்வம் சேர்த்த ஆல்பிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதயநோய் வந்து, மருத்துவர்கள் நைட்ரோகிளிசரினைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். அந்த வேடிக்கையை நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

நோபலுடைய தொழிலாளர்கள் வேறொன்றைக் கவனித்திருந்தார்கள். டைனமைட் தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் மண்டை பிளக்கும். இரண்டு மூன்று நாளில் வலி தானாக நின்றுவிடும். வாரம் முழுக்கத் தொல்லை இருக்காது. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் வலி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அதனால் சிலர் தந்திரம் செய்தார்கள்: தொப்பியின் உள்பட்டையில் கொஞ்சம் நைட்ரோகிளிசரினைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நெற்றித் தோல் வழியாக விடுமுறை முழுக்கச் சிறிது சிறிதாக உடலில் ஏறும். உடலும் பழக்கத்தை விடாது. திங்கட்கிழமை வலியும் இல்லை.

புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று தோன்றும். ஆனால் உண்மையில் என்ன நடக்கிறது? குழாயை விரிக்கும் பொருள் வந்துகொண்டே இருந்தால், உடல் சும்மா இருப்பதில்லை. குழாயைச் சுருக்கும் சமிக்ஞைகளைக் கூட்டிக்கொண்டே போகிறது. நைட்ரோகிளிசரினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடை விடுவிக்கும் நொதியும் வேலை செய்து செய்து களைத்து முடங்குகிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் ‘பழகிவிட்டது’ என்று நாம் சொல்வது. திருடன் தினமும் வந்து பழகிவிட்டால் வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிடும். திருட்டு நின்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. இதய மருத்துவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நைட்ரேட் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்குத் தினமும் சில மணி நேரம், பெரும்பாலும் இரவில், உடலில் மருந்து இல்லாத இடைவெளி விழும்படி அட்டவணை போட்டுத் தருவது அதனால்தான்.

டார்பிடோ எரிபொருளிலும் இதுவேதானா என்பதை நேரடியாகச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள். ஸ்டூவர்ட் என்பவரின் தலைமையில் நடந்த அந்த ஆய்வு 1974இல் வெளியானது. என் கணக்கில் இந்தத் துறையிலேயே மிக முக்கியமான ஆய்வு அதுதான். தன்னார்வலர்களை அறைக்குள் உட்கார வைத்து, காற்றில் அளந்த அளவு டைநைட்ரேட் ஆவியைக் கலந்து, ஒரு மணி முதல் எட்டு மணி நேரம் வரை சுவாசிக்க வைத்தார்கள். பத்து லட்சம் பங்கு காற்றில் 0.03 பங்கு என்று தொடங்கி 1.5 பங்கு வரை போனார்கள். இனி இந்த அளவை பிபிஎம் என்றே சொல்வோம்.

0.2 பிபிஎம் எட்டியதும் பெரும்பாலானவர்களுக்குத் தலைவலி வந்தது. 0.2 பிபிஎம் என்றால் ஐம்பது லட்சம் பங்கு காற்றில் ஒரே ஒரு பங்கு. 0.5 பிபிஎம் காற்றில் ஆறரை மணி நேரம் இருந்தவர்களால் சரியாக நிற்க முடியவில்லை. உடலின் சமநிலை தெளிவாகக் கெட்டிருந்தது. 1.5 பிபிஎம் காற்றில் நாற்பதே நிமிடத்தில் கண் எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

இதுவரை எதிர்பார்த்ததுதான். அடுத்தது எதிர்பாராதது. 0.2 பிபிஎம் ஆவியைத் தினமும் எட்டு மணி நேரம் சுவாசித்தவர்களுக்குச் சில நாட்களில் தலைவலி குறைந்துவிட்டது. டைனமைட் தொழிலாளர்களின் அதே கதை. ஆனால் இவர்களின் தலையில் மின்முனைகளை ஒட்டி, கண்முன்னே ஒளியைப் பளிச்சிட்டு, அதற்கு மூளை தரும் மின் எதிர்வினையையும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அந்த எதிர்வினையின் வரைகோடு முதல் நாளே குலைந்திருந்தது. தலைவலி நின்ற பிறகும் அது சீராகவில்லை. நாளுக்கு நாள் குலைவு கூடிக்கொண்டே போனது.

இதை இரண்டாம் முறை படிப்பது நல்லது. வலி குறைகிறது, மூளையில் தெரியும் மாற்றம் கூடுகிறது. இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே வாரத்தில். ‘எனக்கு எல்லாம் பழகிவிட்டது, ஒன்றும் செய்வதில்லை’ என்று பட்டறையில் மார்தட்டும் மூத்த தொழிலாளியிடம், அவர் சொல்வதன் பாதி மட்டுமே உண்மை என்று காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1981இல் வெளியான இன்னொரு ஆய்வு, உண்மையான டார்பிடோ பராமரிப்புத் தொழிலாளர்களைப் பார்த்தது. நெடுநாளாக இந்த வேலை செய்துவரும் 87 பேரைச் சோதித்ததில் நிரந்தர நரம்புப் பாதிப்பு தெரியவில்லை. இது நல்ல செய்திதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களில் சிலரை டார்பிடோவைக் கையாளுவதற்கு முன்பும் பின்பும் சோதித்தபோது, பார்வையை ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவிடும் கண்ணசைவின் வேகம் குறைந்திருந்தது. தலைவலியும் மூக்கடைப்பும் வழக்கம்போல இருந்தன. கண்ணசைவு மந்தமானால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள மார்க்-48ஐச் சங்கிலியில் தொங்கவிட்டு நகர்த்துகிறவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் தகுந்த பதில் கிடைக்கும்.

இனி இதயம். ரத்தக் குழாயைச் சுருக்கும் சமிக்ஞைகளை உடல் கூட்டிக்கொண்டே போகிறது என்று பார்த்தோம். திடீரென்று ஒருநாள் விரிக்கும் பொருள் வராமல் நின்றுவிட்டால்? சுருக்கும் பக்கம் மட்டும் முழு வேகத்தில் இயங்கும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அந்த ‘ஒருநாள்’ பெரும்பாலும் விடுமுறை நாள் அல்லது அதற்கடுத்த காலை. நைட்ரோகிளிசரினும், அதைவிட எளிதில் ஆவியாகும் நைட்ரோகிளைக்காலும் புழங்கிய வெடிமருந்து ஆலைகளில், வயதில் இளைய தொழிலாளர்கள் ஞாயிறு அல்லது திங்கட்கிழமை காலை திடீரென்று இறந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. 1972இல் அமெரிக்காவின் மில்வாக்கி மருத்துவர்கள், வெடிமருந்து ஆலையில் வேலை பார்த்து இப்படி இதயப் பாதிப்புக்கு ஆளான ஒன்பது பேரைப் பற்றி எழுதினார்கள். குழாய்க்குள் சாயம் செலுத்திப் படமெடுத்துப் பார்த்தவர்களுக்குக் கொழுப்படைப்பு எதுவும் இல்லை. வேலையிலிருந்து விலகி இருந்த நாட்களில் ஏற்பட்ட இறுக்கமே காரணம் என்று முடிவுக்கு வந்தார்கள். சுவீடனில் ஹாக்ஸ்டெட், ஆக்சல்சன் இருவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வு, டைனமைட் தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்களிடம் இதயம், மூளை ரத்தக் குழாய் நோய்ச் சாவுகள் கூடுதலாக இருந்ததைக் காட்டியது.

டார்பிடோக்காரர்களைப் பொறுத்தவரை, அமெரிக்கக் கடற்படையின் மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்து ஃபார்மன் குழுவினர் 1987இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓட்டோ எரிபொருள் பட்டிருக்க வாய்ப்புள்ள டார்பிடோப் பணியாளர்கள் 1,300க்கும் மேற்பட்டவர்களை, பட்டிருக்க வாய்ப்பில்லாத மற்ற கடற்படையினரோடு ஒப்பிட்டார்கள். நெஞ்சுவலி, மாரடைப்பு இரண்டுக்காகவும் மருத்துவமனையில் சேர்ந்த விகிதம் முதல் பிரிவினரிடம் கூடுதலாக இருந்தது. யார் எவ்வளவு சுவாசித்தார் என்று தனித்தனியாக அளந்த ஆய்வு இல்லை இது. நோயுற்றவர்களின் எண்ணிக்கையும் சிறியது. ஆனாலும் கடற்படைக்குத் தேர்வாகிறவர்கள் உடல்தகுதி பார்த்து எடுக்கப்பட்ட இளைஞர்கள். அவர்களிடம் இந்தக் கணக்கு தெரிவதே யோசிக்க வைக்கிறது.

ரத்தத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது. நைட்ரேட் உடைந்து உண்டாகும் நைட்ரைட், ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பின் நிலையை மாற்றிவிடுகிறது. அப்படி மாறியதற்கு மெத்ஹீமோகுளோபின் என்று பெயர். அதனால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. நம் எல்லோர் ரத்தத்திலும் ஒரு சதவீதம் அளவுக்கு இது எப்போதும் இருக்கும், உடலே சரிசெய்துகொள்ளும். பத்துப் பதினைந்து சதவீதத்தைத் தாண்டினால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஊசியில் எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். எழுபதைத் தொட்டால் உயிர் தங்காது. பட்டறைக் காற்றில் இருக்கும் சிறு அளவில் இது பெரிய சிக்கல் கிடையாது. அதிக அளவு கொடுத்த சோதனை விலங்குகளிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பெரிய கசிவில் ஒருவர் நனைந்துவிட்டால் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டிய பரிசோதனைகளில் இதுவும் ஒன்று. மாற்று மருந்து மெத்திலீன் ப்ளூ. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவருக்கு அந்த மருந்தே ரத்த அணுக்களை உடைத்துவிடும் என்பதால், கொடுக்குமுன் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதிகம் ஆவியாகாத திரவம் என்று முன்பு சொன்னோமே, பிறகு எப்படி உடலுக்குள் போகிறது? இந்த ‘அதிகம்’ என்ற சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காற்றோட்டமே இல்லாத மூடிய அறையில் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இதைக் கொட்டி வைத்தால், ஆவி அழுத்தக் கணக்குப்படி காற்றில் சுமார் 100 பிபிஎம் வரை சேர முடியும். தலைவலி தரும் அளவைப் போல அது ஐந்நூறு மடங்கு. பட்டறையில் அவ்வளவு சேராது. மின்விசிறியும் உறிஞ்சு குழாயும் இருக்கும். நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ அறையில் திறந்துவிட ஜன்னல் கிடையாது. இடப் பற்றாக்குறையால் டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே படுக்கை போட்டுத் தூங்குவதும் அங்கே உண்டு. ஒரு மூட்டில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலும், கப்பலுக்குள் சுற்றிச் சுற்றி வருவது அதே காற்றுதான்.

மூக்கைவிடப் பெரிய வாசல் தோல். கரிம நைட்ரேட்டுகள் தோலை எளிதாக ஊடுருவும்; தொப்பிப் பட்டைத் தந்திரம் பலித்ததும் அதனால்தான். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், வேலை நேரச் சராசரியாக 0.05 பிபிஎம் என்று எல்லை வைத்திருக்கிறது. இரண்டு கோடி பங்கு காற்றில் ஒரு பங்கு. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘தோல்’ என்ற குறிப்பும் இருக்கும். காற்றை மட்டும் அளந்துவிட்டுத் திருப்தி அடையாதே என்பதற்காகப் போட்ட குறிப்பு அது. காற்று அளவி சுழியம் காட்டிக்கொண்டிருக்கும்போதே, நனைந்த கையுறைக்குள் மணிக்கட்டு வழியாக ஒருவருக்கு நாள் முழுக்க ஏறிக்கொண்டிருக்கலாம். எந்தக் கையுறையானாலும் சரி என்று போடவும் முடியாது. திரவம் ஊடுருவாத ரப்பர் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதையும் உரிய நேரத்தில் மாற்ற வேண்டும். உள்ளே ஊறிவிட்ட கையுறை, கையுறை இல்லாததைவிடக் கெடுதல். பிசுக்குப் பட்ட சட்டையோடு சாப்பாட்டு மேசைக்குப் போவதும், அதை வீட்டில் குழந்தைகள் துணியோடு துவைக்கப் போடுவதும் கூடாது.

எரிந்த பிறகும் இதன் தொல்லை தீராது. என்ஜினில் ஓட்டோ எரிபொருள் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வருகின்றன. கூடவே ஹைட்ரஜன் சயனைடும் வருகிறது. கடலில் ஓடும்போது புகை தண்ணீரோடு போய்விடும். ஆனால் மீட்டு வந்த டார்பிடோவின் என்ஜினுக்குள் தங்கிய எச்சத்தில் சயனைடு இருக்கக்கூடும். ஓட்டம் முடிந்து வந்ததை முதலில் பிரிப்பவர்தான் அதன் எதிரே நிற்கிறார். தலைவலி தரும் நைட்ரேட் போல சயனைடு பழகி ஒத்துப்போகும் விஷம் அல்ல. அங்கே ஒரு தடவை தவறினாலே போதும்.

வேலைக்கு வெளியே செய்யும் சில காரியங்களும் இதோடு சேர்ந்துகொள்ளும். மாலையில் குடிக்கும் மதுவும் குழாயை விரிப்பதால் மயக்கமும் தலைவலியும் இரட்டிப்பாகும். ஆண்மைக் குறைவுக்குத் தரும் சில்டெனாஃபில் வகை மாத்திரைகளை எந்தக் கரிம நைட்ரேட்டோடும் சேர்க்கவே கூடாது என்பது மருத்துவர்களின் கண்டிப்பான விதி. ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். மாத்திரையாகச் சாப்பிடாவிட்டாலும் தோல் வழியாக நைட்ரேட் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவர், இதை மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடுவதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பது நல்லது. கூச்சத்தால் யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

நம் பக்கத்தில் நீலகிரியின் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கார்டைட் தொழிற்சாலை இயங்குகிறது. கார்டைட் என்ற வெடிமருந்தில் நைட்ரோகிளிசரின் உண்டு. ஆகவே டார்பிடோவையே பார்த்திராத ஊரிலும் இந்த அறிவு உதவும். வெடிமருந்து ஆலைகள், மருந்து ஆலைகள், பாறை வெட்டும் சுரங்கங்கள் எங்கும் கரிம நைட்ரேட்டுகளைத் தொடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவ முகாம் வைக்கும் நிர்வாகம், வழக்கமாக வாரத்தின் நடுவில், வேலைக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு மதியத்தில் வைக்கும். ‘தலைவலி உண்டா?’ என்று கேட்டால் வரிசையில் இருக்கும் அத்தனை பேரும் இல்லை என்பார்கள். உண்மையைத்தான் சொல்கிறார்கள், அன்று வலி இல்லை. அதே கேள்வியை, நீண்ட விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மாலையில் கேட்டால் பதில் வேறாக இருக்கும். வேலை தொடங்குமுன் ஒன்றும் முடிந்தபின் ஒன்றுமாக இரண்டு முறை ரத்த அழுத்தம் பார்த்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும். விடுப்பிலிருந்து வருபவரை முதல் சில நாட்கள், அவருக்கு இருபது ஆண்டு அனுபவம் இருந்தாலும், புதிதாகச் சேர்ந்தவராகவே நடத்த வேண்டும். அனுபவம் கைக்குத்தான் இருக்கிறது. அவருடைய ரத்தக் குழாய்கள் பழக்கத்தை மறந்திருக்கும். கையுறைக்குள் தெரியாமல் ஏறினால் முதலில் குரல் கொடுப்பவரும் அவராகத்தான் இருப்பார்.

வார விடுமுறை நாளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வரும் முப்பத்தைந்து வயதுக்காரருக்கு, இதயக் குழாய்ப் படம் சுத்தமாக வந்தால், ‘வாயுவாக இருக்கும்’ என்று சொல்லி அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எங்கே வேலை பார்க்கிறீர்கள், கடைசியாக எப்போது போனீர்கள்? பதில் வெடிமருந்து ஆலையாகவோ டார்பிடோ பட்டறையாகவோ இருந்தால், அந்த நிமிடத்தில் அவருடைய இறுக்கத்தைத் தளர்த்தக்கூடியது நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரைதான். அதற்குப் பிறகு அவரை எந்த வேலைக்குத் திருப்பி அனுப்புவது என்பதை இதய மருத்துவரும் தொழிற்சாலை மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.